குளிர்ந்த நீரில் பாஸ் மீனுக்கு எந்த இரை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவம்பர் பிறந்துவிட்டால் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். அமெரிக்காவின் மிசூரி, ஆர்கன்சா மாநிலங்களில் வாழும் நம் தமிழ் நண்பர்கள் பலர் இப்போது தூண்டில் பிடித்திருக்கிறார்கள். கோடையில் கை நிறைய மீனோடு படம் அனுப்பியவர்கள், குளிர் வந்ததும் வெறுங்கையோடு திரும்பி ஒரே மாதிரியான சந்தேகங்களைக் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லி வந்த பதில்களை இங்கே ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

நான் குளிர்காலத்தில் போவது பெரும்பாலும் பிரான்சன் நகரை ஒட்டிய டேபிள் ராக் ஏரிக்கு. ஒயிட் ஆற்றின் குறுக்கே 1958இல் கட்டி முடித்த அணையின் நீர்த்தேக்கம் அது. தெளிந்த நீர், செங்குத்தான பாறைக் கரைகள், நீருக்குள் மூழ்கி நிற்கும் பழைய தேவதாரு மரங்கள். பெருவாய், சிறுவாய், புள்ளி என்று பாஸ் மீனின் மூன்று வகைகளும் இங்கே உண்டு. படகுக் கருவிகள் பாரன்ஹீட்டில் காட்டுவதால் நானும் அந்தக் கணக்கிலேயே எழுதுகிறேன்: 50 டிகிரி என்றால் 10 செல்சியஸ், 39 என்றால் ஏறத்தாழ 4.

குளிர்காலத்தில் பாஸ் சாப்பிடவே சாப்பிடாது என்கிறார்களே, உண்மையா?

இல்லை. அது குளிர் இரத்தப் பிராணி. நீரின் வெப்பம்தான் அதன் உடல் வெப்பம். நீர் குளிரக் குளிரச் செரிமானம் மந்தமாகிறது, பசி குறைகிறது, துரத்திப் பிடிக்கும் ஆசையும் குறைகிறது. கோடையில் பத்தடி தூரம் பாய்ந்து வந்து கவ்விய மீன், ஜனவரியில் ஓரடிக்கு மேல் நகர மனம் வைக்காது. ஆனால் மூக்குக்கு நேரே இரை வந்து நின்றால் வாயைத் திறக்கும்.

இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் கீழே உள்ள பதில்களில் பாதியை நீங்களே ஊகித்துவிடலாம். குளிர்கால இரையை அதன் பெயரையோ விலையையோ வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். மீன் இருக்கும் ஆழத்தில், மீனின் முகத்துக்கு முன்னால், அது எவ்வளவு நேரம் தங்கும் என்பதைக் கேளுங்கள்.

எத்தனை டிகிரியிலிருந்து 'குளிர்ந்த நீர்' என்று கணக்கு?

என் கணக்கில் 55 டிகிரிக்குக் கீழே இறங்கினால் இரைப்பெட்டியை மாற்ற வேண்டும். 55 முதல் 48 வரை மீன் இன்னும் கொஞ்சம் நகரும். 48க்குக் கீழே பொறுமைதான் எல்லாம். 42க்குக் கீழே ஒரு நாளில் இரண்டு மூன்று கடி கிடைத்தால் அது நல்ல நாள்.

எண்ணைவிட அது போகும் திசையையும் கவனியுங்கள். நேற்று 44, இன்று 46 என்றால் மீன் சுறுசுறுப்பாக இருக்கும். நேற்று 49, இன்று 46 என்றால் அதே 46இல் மந்தமாக இருக்கும். எனவே முதலில் வாங்க வேண்டிய பொருள் வெப்பமானி. கரையிலிருந்து பிடிப்பவர்கள் சமையல் வெப்பமானியைக் கயிற்றில் கட்டி இறக்கினாலும் போதும்.

ஒரே ஒரு இரைதான் வாங்குவேன் என்றால் எதை வாங்கச் சொல்வீர்கள்?

படகு இருந்தால், நீரும் தெளிவாக இருந்தால், நீரில் அப்படியே நிற்கும் வகை ஜெர்க்பெய்ட். விரல் நீளத்துக்குச் சற்றுக் கூடுதலான மெலிந்த சிறுமீன் வடிவம், முகத்தில் சின்னத் தகடு, வயிற்றில் இரண்டு மூன்று மும்முள். கோலின் நுனியால் சுண்டினால் வெட்டிப் பாயும். நிறுத்தினால் மிதக்கவும் செய்யாது, மூழ்கவும் செய்யாது. குளிரில் விறைத்து, நீந்த முடியாமல் நிற்கும் ஷாட் மீன்குஞ்சு இப்படித்தான் இருக்கும். ஷாட் என்பது இந்த ஏரிகளில் பாஸின் முக்கிய உணவான வெள்ளி நிறச் சிறுமீன்.

கரையிலிருந்து மட்டும் பிடிப்பவர் என்றால் நெட் ரிக். காளான் தலை போன்ற 1/16 முதல் 1/10 அவுன்ஸ் ஈயத்தில், மூன்று அங்குலத்துக்கும் குறைவான மிதக்கும் ரப்பர் புழுத் துண்டைச் செருகுவது. தரையில் அமர்ந்ததும் வால் தானாகவே மேலே நிமிர்ந்து நிற்கும். நீங்கள் எதுவும் செய்யாதபோதும் அது உயிரோடு இருப்பதுபோல் தெரியும். கான்சாஸ் மாநிலத்து மூத்த மீன்பிடி எழுத்தாளர் நெட் கெடியின் பெயரால் வழங்கும் இரை இது. விலையும் குறைவு, பாறையில் சிக்கி அறுந்தாலும் மனம் வலிக்காது.

ஜெர்க்பெய்ட்டைச் சுண்டிவிட்டு எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிட அதிக நேரம். 50 டிகிரியில் ஐந்து விநாடி. 45இல் பத்து. 42க்குக் கீழே இருபது, முப்பது விநாடிகூட நிறுத்தியிருக்கிறேன். மனத்துக்குள் எண்ணினால் குளிரில் எல்லோரும் வேகமாக எண்ணிவிடுகிறோம். என்னோடு வந்த நண்பர் ஒருவர் 'பத்து எண்ணினேன்' என்று சொன்னபோதெல்லாம் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு விநாடிக்கு மேல் போகவில்லை. அன்று அவருக்கு மீன் இல்லை. மதியத்துக்கு மேல் கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணத் தொடங்கினார், மூன்று மீன் ஏறின.

சுண்டும்போது தூண்டில் நரம்பு, அதாவது கோலிலிருந்து இரை வரை போகும் இழை, தொய்ந்திருக்க வேண்டும். இறுகிய நரம்பில் இழுத்தால் இரை உங்களை நோக்கி ஓடிவந்துவிடும். தொய்ந்த நரம்பில் சுண்டினால் இருந்த இடத்திலேயே தலையைத் திருப்பும். முதல் கேள்வியில் சொன்ன 'தங்கும் நேரம்' இங்கேதான் கிடைக்கிறது.

'அப்படியே நிற்கும்' என்று அட்டையில் போட்டிருக்கிறது, ஆனால் மேலே மிதந்து வருகிறதே? ஏமாந்துவிட்டேனா?

ஏமாறவில்லை. நீர் சுமார் 39 டிகிரியில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். அறை வெப்ப நீரில் சரியாக நிற்கும் இரை, 42 டிகிரி நீரில் மெல்ல மேலே ஏறும். அடர்த்தி வித்தியாசம் ஒரு விழுக்காட்டில் கால் பங்குக்கும் குறைவு. ஆனால் எடை அவ்வளவு நுட்பமாகச் சமன் செய்யப்பட்ட பொருளுக்கு அதுவே போதும்.

நான் செய்வது இது: முதல் நாள் இரவு சமையலறையில் ஒரு வாளி நிறையத் தண்ணீர், இரண்டு தட்டு ஐஸ் கட்டிகள். வெப்பமானி 42 காட்டியதும் ஐஸை எடுத்துவிட்டு, மறுநாள் பயன்படுத்தும் அதே நரம்பின் ஒரு முழத் துண்டைக் கட்டி இரையை அமிழ்த்திக் கையை எடுப்பேன். மேலே வந்தால் முன் மும்முள்ளின் தண்டில் மெல்லிய ஈயக்கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றுவேன். மறுபடி வாளி. இன்னும் வந்தால் இன்னொரு சுற்று. வயிற்றில் ஒட்டுவதற்கென்றே ஈயப் பொட்டுகளும் கடையில் கிடைக்கும். மூக்கு அரை விரற்கடை கீழே சாய்ந்து, நடுநீரில் அசையாமல் நிற்கும் அந்தக் கணம் வரும்போது எனக்கு வரும் மகிழ்ச்சி மீன் பிடித்த மகிழ்ச்சிக்குக் குறைந்ததல்ல. மிக மெதுவாகக் கீழே இறங்கினால் பரவாயில்லை. சட்டென்று மேலே ஏறுவதுதான் கூடாது.

ஜிக் எப்போது? அதை எப்படி இழுப்பது?

மீன் அடித்தரையில் ஒட்டிக் கிடக்கும்போது. கால்பந்து வடிவ ஈயத்தலை, 3/8 அல்லது 1/2 அவுன்ஸ், மேலே ரப்பர் நார்ப் பாவாடை, பின்னால் சின்ன ரப்பர் நண்டு. ஆற்று இறாலைப் போன்ற கிராஃபிஷ்தான் இதன் முன்மாதிரி. பழுப்பு, பச்சை கலந்த நிறங்கள் போதும். டேபிள் ராக் இருக்கும் ஒசார்க் மலைப் பகுதிக்காரர்கள் பழுப்பையும் ஊதாவையும் கலந்த பாவாடையை விரும்புவார்கள், எனக்கும் அதில் நல்ல நம்பிக்கை உண்டு.

தூக்கித் தூக்கிப் போடாதீர்கள். கோலைப் பக்கவாட்டில் மெல்ல நகர்த்தி, கூழாங்கற்கள் மேல் ஈயம் உரசுவது விரலில் தெரியும்படி இழுங்கள். பெரிய கல்லில் முட்டினால் அங்கேயே விட்டுவிடுங்கள். 2013 பிப்ரவரியில் பக்கத்து ஓக்லஹோமாவின் கிராண்ட் ஏரியில் நடந்த, பாஸ் மீன்பிடிப்பின் பெரிய போட்டியான பாஸ்மாஸ்டர் கிளாசிக்கைக் கடுங்குளிரில் கிளிஃப் பேஸ் வென்றது ஜிக்கையும் ஜெர்க்பெய்ட்டையும் வைத்துத்தான். உலகின் சிறந்த மீன்பிடிப்பவர்கள் பெட்டி பெட்டியாக இரை வைத்திருந்த இடத்தில் வேலை செய்தவை இந்த இரண்டும்.

எந்த நிறம் வாங்க வேண்டும்?

தெளிந்த நீரில் உள்ளே ஒளி ஊடுருவும் வெள்ளி, சாம்பல், வெளிர் நீலம். மேகமூட்டத்தில் வெள்ளை. கலங்கிய நீரில் சிவப்பு, ஆரஞ்சு, அல்லது கறுப்பும் நீலமும் கலந்தது. இதற்கு மேல் நிறத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆழமும் நேரமும் சரியாக இல்லாத இரைக்கு எந்த நிறமும் உதவாது.

ஊரில் விராலுக்கு ரப்பர் தவளை போட்டுப் பழக்கம். அதையே இங்கும் போடலாமா?

ஜூன், ஜூலையில் தாராளமாகப் போடுங்கள். பாசி மேல் தவளையைத் துள்ளவிடும் அந்தக் கைப்பழக்கம் பெருவாய் பாஸுக்கு அப்படியே பொருந்தும். குளிர்காலத்தில் வேண்டாம். விராலைப் போல இதற்கு மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் தேவை கிடையாது, குளிர்ந்த நாளில் மேற்பரப்புக்கு ஏறி வர அதற்குக் காரணமே இல்லை. தவளைகளும் அப்போது ஒடுங்கிக் கிடக்கின்றன. தவளைகளைத் தனி டப்பாவில் போட்டு வைத்துவிடுங்கள். கண்ணில் பட்டால் கை அரிக்கும்.

குளிரில் இரையைச் சின்னதாக்க வேண்டும் என்கிறார் ஒருவர், பெரிதாக்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

இருவரும் தாம் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். பசி குறைந்த மீனுக்கு எளிதில் விழுங்கக்கூடிய சின்ன இரை ஏற்றது. அதே சமயம், ஒருமுறை அசைவதற்குச் செலவாகும் சக்திக்கு ஈடாகப் பெரிய கவளம் கிடைத்தால் பெரிய மீன் அதையும் எடுக்கும். நான் வயிறு பிதுங்கிய மீன்களின் தொண்டையைப் பார்த்துத் தீர்மானிக்கிறேன். ஷாட்டின் வால் அங்கே தெரிவதுண்டு. அந்த அளவுக்கு இரையை மாற்றினால் போதும்.

சின்ன இரையின் உச்சம் பார்க்க வேண்டுமானால் கிழக்கு டென்னசியின் முறையைப் பாருங்கள். தக்கைக்குக் கீழே எட்டு முதல் பன்னிரண்டு அடி ஆழத்தில், கட்டைவிரல் நகம் அளவு இறகு ஜிக்கைத் தொங்கவிடுவார்கள். அலை தக்கையை ஆட்டும், தக்கை இறகை ஆட்டும், மனிதர் சும்மா இருப்பார். டேல் ஹாலோ ஏரியின் சிறுவாய் பாஸ்களை நடுக்குளிரில் இப்படித்தான் பிடிக்கிறார்கள். நம் ஊர்க் குளத்தில் தக்கை பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த முறை உடனே பிடிபடும்.

மெதுவாக, மெதுவாக என்கிறீர்கள். பக்கத்துப் படகுக்காரர் வேகமாகச் சுழற்றிப் பிடிக்கிறாரே?

நல்ல கேள்வி, இதில்தான் பலர் குழம்புகிறார்கள். பசியால் கடிப்பது ஒன்று, திடுக்கிட்டுக் கடிப்பது இன்னொன்று. மூக்குக்கு முன்னால் ஏதோ ஒன்று திடீரென வெட்டித் திரும்பினால், பசி இல்லாத மீனும் தன்னையறியாமல் கவ்விவிடும். டேபிள் ராக்கில் அந்த வேலைக்குப் பெயர்போனது விகிள் வார்ட் என்ற பருத்த கிராங்க்பெய்ட், இழுத்தால் ஆடியபடி ஆழத்துக்குப் போகும் இரை. உடைகல் கரைகளில் எட்டு, பத்து அடி ஆழத்தில் கல்லோடு முட்ட முட்ட இழுப்பார்கள். முட்டி விலகும் கணத்தில்தான் கடி விழும். டெக்சாஸின் சாம் ரேபர்ன் ஏரியில் சிவப்பு நிறத் தகடில்லாக் கிராங்க்பெய்ட்டை நீர்ப்புல்லில் சிக்கவிட்டு வெடுக்கென்று பிடுங்குவதும் இதே தத்துவம்தான்.

ஆனால் கவனியுங்கள், அந்தப் படகுக்காரரும் மீன் ஒட்டிக் கிடக்கும் கல்லின் மேல்தான் இழுக்கிறார். இரைதான் வேகம், இடம் மாறவில்லை. உலோகத் தகட்டு இரையான பிளேடு பெய்ட்டில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அரை அடி தூக்கினால் கைக்கு அதிர்வு தெரியும், உடனே கீழே விட வேண்டும். அதிர்வு கால் விநாடி, ஓய்வு ஐந்து விநாடி. அரை அடி என்றது அரை அடிதான், இரண்டடி தூக்கினால் மீனை விட்டு மேலே போய்விடும்.

ஷாட் மீன்கள் செத்து மிதக்கின்றன. இவ்வளவு இலவச உணவு இருக்கும்போது என் இரையை ஏன் எடுக்கப் போகிறது?

திரெட்ஃபின் வகை ஷாட் குளிரைத் தாங்காது. நீர் 45க்குக் கீழே இறங்கினாலே தள்ளாடும், இன்னும் இறங்கினால் கூட்டம் கூட்டமாகச் செத்துவிடும். கடற்காக்கைகள் ஓரிடத்தில் வட்டமிட்டால் அங்கே போய்ப் பாருங்கள்.

அந்த நாட்களில் பாஸ் திகட்டத் தின்றிருக்கும் என்பது உண்மை. ஆகவே சுண்டுவதையும் குறைக்க வேண்டும். எடையற்ற வெள்ளை ரப்பர் மீனையோ ஜெர்க்பெய்ட்டையோ எறிந்து, ஒருமுறை மட்டும் மெல்ல அசைத்து, சாகும் மீன் போல அப்படியே விட்டுவிடுங்கள். நரம்பு பக்கவாட்டில் நகர்ந்தால் அதுதான் கடி. கூட்டத்தின் நடுவே எறியாமல் ஓரத்தில் எறியுங்கள்.

சோனாரில் (ஒலியலையால் மீனைக் காட்டும் படகுக் கருவி) 50 அடி ஆழத்தில் மீன் தெளிவாகத் தெரிகிறது. என்ன போடலாம்?

இலையுதிர்காலத்தின் முடிவில் மேல்நீர் குளிர்ந்து கீழே இறங்கி ஏரி முழுவதும் கலந்துவிடுகிறது. கோடையில் பிராணவாயு இல்லாமல் இருந்த ஆழத்திலும் அதன்பிறகு மீன் வாழ முடியும். இங்கே புள்ளி பாஸ்கள் ஷாட் கூட்டத்தைத் தொடர்ந்து அவ்வளவு ஆழம் போவது வழக்கம். ஸ்பூன் எனப்படும் அரை அல்லது முக்கால் அவுன்ஸ் உலோக இரையை நேராக இறக்கி, ஓரடி தூக்கித் தொய்வாக விழவிடுங்கள். விழும்போதுதான் கடிக்கும்.

ஆனால் ஒன்றை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பாஸின் காற்றுப்பையில் உள்ள வாயுவை அதனால் சட்டென்று வெளியேற்ற முடியாது. ஆழத்திலிருந்து மேலே வந்தால் வயிறு உப்பி, திரும்ப மூழ்க முடியாமல் மல்லாந்து மிதக்கும். முப்பது அடிக்குக் கீழே பிடிப்பதைச் சமைக்க எடுத்துக்கொள்ளும் அளவோடு நிறுத்திவிடுங்கள். டேபிள் ராக்கில் 15 அங்குலத்துக்குக் குறைந்த பாஸை விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். ஆழத்தில் குட்டி மீன்களே வருகின்றன என்றால் இடத்தை மாற்றுங்கள். விடும் மீனை எடைக்கவ்வியில் மாட்டி ஆழத்துக்கு இறக்கும் கருவிகள் கிடைக்கின்றன, ஒன்று வாங்கிப் படகில் வையுங்கள்.

அலபாமா ரிக் போடலாமா? அது நியாயமா?

குடைக்கம்பி போல விரியும் ஐந்து கம்பிகளில் ஐந்து ரப்பர் மீன்கள். 2011 அக்டோபரில் அலபாமாவின் கன்டர்ஸ்வில் ஏரியில் நடந்த போட்டியைப் பால் ஏலியாஸ் இதைக் கொண்டு வென்றபின் நாடே வாங்கியது. அடுத்த ஆண்டே பாஸ்மாஸ்டர் உயர்நிலைப் போட்டிகளில் தடையும் வந்தது. ஷாட் கூட்டத்தைப் பின்தொடரும் குளிர்கால மீனுக்கு இது மிக வலுவான இரை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எத்தனை முள் அனுமதி என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், டென்னசியில் மூன்றுதான். அந்தந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் பார்த்த பிறகே கட்டுங்கள். நான் மூன்று முள்ளோடுதான் போடுகிறேன், ஒரே வீச்சில் ஐந்து மீனை இழுக்கும் ஆசை எனக்கு இல்லை.

நரம்பு எது? கோடை நரம்பே போதுமா?

ஜெர்க்பெய்ட்டுக்கும் ஜிக்குக்கும் ஃபுளோரோகார்பன், 8 முதல் 10 பவுண்டு. அது நீரில் மூழ்கும், இரையை ஆழத்தில் வைக்கும். பின்னல் நரம்பு மிதக்கும். ஈரத்தை ஏந்திக்கொண்டு வளையங்களில் உறையும். சாதாரண நைலான் குளிரில் சுருள் சுருளாக விறைக்கும், தக்கைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கோல் வளையத்தில் பனிக்கட்டி பிடித்தால் உடைக்காதீர்கள், நுனியை நீரில் அமிழ்த்தினால் கரைந்துவிடும்.

எல்லாம் செய்தேன், கடித்ததே தெரியவில்லை. என்ன தவறு?

கோடைக் கடியை எதிர்பார்த்திருக்கிறீர்கள். 43 டிகிரியில் 'டக்' என்று ஒன்றும் வராது. ஈர இலை சிக்கியதுபோல ஒரு கனம் தெரியும். அல்லது ஜிக்கின் கனம் திடீரென்று இல்லாமல் போகும். சந்தேகம் வந்தால் வெட்டி இழுக்க வேண்டாம்; கோலை மெல்ல உயர்த்திப் பாருங்கள், கனம் அசைந்தால் அப்போது இழுங்கள். கையுறையில் வலக்கை ஆட்காட்டி விரல், பெருவிரல் இரண்டின் நுனிகளை வெட்டிவிட்டேன். நரம்பு அந்த விரல் மேல்தான் கிடக்க வேண்டும்.

படகு இல்லை. கரையில் எங்கே, எப்போது நிற்பது?

விடியற்காலையில் எழுந்து நடுங்க வேண்டாம், நண்பகலுக்குப் பின் வாருங்கள். ஏரியின் வடகரையில் நின்றால் தெற்கு வெயில் நாள் முழுவதும் அந்தப் பாறைகளில் விழும். ஓரிரு டிகிரி சூடு அங்கே கூடும், மீனுக்கு அது பெரிய வித்தியாசம். அந்தக் கரையிலும் சரிவு செங்குத்தாக இருக்கும் இடத்தைத் தேடுங்கள். வெயிலில் மேலே ஏறவும் குளிரில் ஆழத்துக்கு இறங்கவும் மீனுக்கு நான்கு வால் அசைவு போதும் என்பதால் குளிர்காலத்தில் அங்கேயே தங்கும். இரை, முன்பு சொன்ன நெட் ரிக்.

மழை பெய்து நீர் கலங்கிவிட்டது. வீட்டுக்குப் போய்விடலாமா?

குளிர்ந்த மழைநீரும் கலங்கலும் சேர்ந்தால் குளிர்காலத்தின் கடினமான நாள் அது. ஜெர்க்பெய்ட்டைப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள், மீன் அதைப் பார்க்காது. கறுநீல ஜிக்கைக் கரையை ஒட்டிய ஒரு பெரிய கல்லோ விழுந்த மரமோ பார்த்து, ஒரே இடத்தில் பத்து முறை போடுங்கள். ஓடை வாயை விட்டு அணைப்பக்கம் போனால் பெரும்பாலும் தெளிந்த நீர் கிடைக்கும், நான் அப்படித்தான் போவேன்.

தனியாகப் படகில் போகலாமா?

முடிந்தவரை வேண்டாம். 45 டிகிரி நீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் வராது. ஏறத்தாழ பத்து நிமிடத்தில் கைகால் சொன்னபடி கேட்காது. நினைவு தப்புவதற்கு முன்பே, நீந்தும் வலு போய்விடுவதால் பலர் மூழ்குகிறார்கள். மிதவை அங்கியை இருக்கைக்கு அடியில் வைக்காமல் உடலில் மாட்டுங்கள், இயந்திரத்தை நிறுத்தும் கயிற்றையும் அங்கியில் கோத்துக்கொள்ளுங்கள். மாற்றுத் துணி ஒரு செட் நீர்புகாப் பையில் இருக்கட்டும். எந்தத் துறையில் படகை இறக்குகிறீர்கள், எத்தனை மணிக்குக் கரையேறுவீர்கள் என்பதை வீட்டில் ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.